நீட்டு வார்த்தையைத் துண்டு போட்டு வாசிப்போம்
(தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரத்தினபுரியானாலும் கேகாலையானாலும், தேயிலை மலையானாலும் ரப்பர் காடானாலும், நம்ம கைக்கு வரும் முக்கியமான கடதாசிகள் பலதில் இங்கிலீஷ் இருக்கிறது. நீட்டு வார்த்தையைக் கண்டதும் "இது நமக்கு வராது" என்று மடித்துப் பெட்டியில வைத்துவிடுகிறோம். அப்படி வைக்க வேண்டாம். நீட்டு வார்த்தை பலதும் சின்னத் துண்டுகள் சேர்ந்ததுதான்.

முதலில் ஓசையைப் பிரிக்கணும். ஆபிசில் பெரிய துரைக்குப் போட்டிருக்கும் பதவிப் பேர் சூப்பரின்டென்டன்ட். கை தட்டிச் சொல்லிப் பாருங்க: சூ-பர்-இன்-டென்-டன்ட். ஐந்து தட்டு. பிள்ளைகள் தட்டுத் தட்டாக எழுதிப் பழகினால் எழுத்து விடுபடுவது குறையும்.

அடுத்தது, பொருளைப் பிரிப்பது. தலை, நடு, வால் என்று பாருங்க. 'எம்ப்ளோய்' என்றால் வேலைக்கு வைப்பது. 'மென்ட்' என்ற வால் சேர்ந்தால் எம்ப்ளோய்மென்ட், அதாவது வேலை. முன்னால 'அன்' சேர்ந்தால் அன்எம்ப்ளோய்மென்ட், வேலையில்லாமை.

இந்த வாலில்தான் நம்ம காசு இருக்கிறது. கடைசியில் 'ஈ, ஈ' என்று இரண்டு எழுத்து வந்தால் எம்ப்ளோயி: வேலை செய்கிற நாம. 'ஈ, ஆர்' வந்தால் எம்ப்ளோயர்: வேலை கொடுக்கிற கம்பெனி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதிக்கு, எம்ப்ளோயி நம்ம சம்பளத்தில் இருந்து நூற்றுக்கு 8 கட்டுகிறோம். எம்ப்ளோயர் தன் கையில் இருந்து 12 போடணும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3, அதுவும் எம்ப்ளோயர் மட்டுமே. சம்பளத்துண்டில் அந்த 12ஐயோ 3ஐயோ நம்ம சம்பளத்தில் கழித்திருந்தால், உடனே விளக்கம் கேளுங்க.

'நாமினி'யிலும் அதே 'ஈ, ஈ' வால்தான். நாம பேர் குறித்து வைக்கப்பட்டவர் என்று அர்த்தம். நமக்குப் பிறகு அந்தச் சேமலாபப் பணம் யாருக்குப் போகணும் என்பது அந்த இடத்தில்தான் எழுதப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை. எல்லா 'அன்'னும் தலை அல்ல. 'அங்கிள்' என்ற வார்த்தையும் 'யூ, என்' என்றுதான் தொடங்குது. அதை வெட்டினால் மிச்சத்துக்குப் பொருள் இல்லை. வெட்டின பிறகு மிஞ்சுவது ஒரு வார்த்தையா என்று பார்க்கணும்.

இன்றைக்கு ராத்திரி பிள்ளையோடு உட்கார்ந்து சம்பளத்துண்டை விரித்து வையுங்க. பிள்ளை வாசிக்கட்டும், நீங்க கணக்கைப் பாருங்க. இரண்டு பேருக்கும் படிப்புத்தான்.