விண்ணப்பக் கலையும் வெஸ்ட்மின்ஸ்டர் சபையும்



கலை என்றவுடன் நம் நினைவில் எழுவன சங்கீதமும் நாட்டியமும் சிற்பமும் சித்திரமுமே. அதிகாரம் படைத்தவர் ஒருவரை அணுகி, அவர் மனம் கோணாதபடியும் தன் மானம் குறையாதபடியும் குறையை எடுத்துரைத்து, அதற்கு விடை சொல்ல வேண்டிய கடமையை அவர் தலைமேல் ஏற்றிவிடுவதையும் ஒரு கலை என்றே நான் கொள்கிறேன். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து தேசத்துப் பார்லிமெண்டின் வாயிலில் அக்கலை எய்திய வளர்ச்சியைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அந்நூற்றாண்டின் சரித்திரத்தை வாசிப்போர், மன்னனுக்கும் சபைக்கும் மூண்ட யுத்தத்தையும், 1649-இல் முதலாம் சார்லஸ் சிரச்சேதம் செய்யப்பட்டதையும், 1688-இன் புரட்சியையுமே பெரிதாகக் காண்பது இயல்பு. ஆயினும், நாள்தோறும் தன் மேஜைமீது வந்து சேர்ந்த எளியோரின் காகிதங்களை வாசிக்கவும் விசாரிக்கவும் பதில் சொல்லவும் பழகிக்கொண்டதனாலேயே அந்தச் சபை ஜனங்களின் சபை என்று சொல்லிக்கொள்ளும் தகுதியைப் படிப்படியாகப் பெற்றது என்பது என் துணிபு.

முதலில் அச்சபை நடந்த இடத்தையும் முறையையும் சற்றே காண்போம். வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில், அரச குடும்பத்தார் வழிபடுவதற்கென்று பழங்காலத்தில் எழுப்பப்பெற்ற புனித ஸ்டீபன் ஆலயமே, 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கிப் பார்லிமெண்டின் பிரதிநிதிகள் சபையான காமன்ஸ் சபையின் மண்டபமாயிற்று. பலிபீடம் இருந்த திசையில் சபாநாயகரின் ஆசனம்; பாடகர்கள் எதிரெதிராக நின்ற பக்கங்களில் அங்கத்தினரின் பெஞ்சுகள்; ஆசனத்துக்கு முன்னே ஒரு மேஜை; அதனருகே, நடப்பதையெல்லாம் குறித்துக்கொள்ளும் குமாஸ்தா. காலை எட்டு மணியளவில் பிரார்த்தனையுடன் கூடி நண்பகல்வரை சபை நடக்கும். பிற்பகல் கமிட்டிகளுக்கு உரியது. அமர்ந்திருக்கையில் தொப்பி அணிந்திருக்கும் அங்கத்தினர், பேச எழுந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சபாநாயகரை நோக்கியே பேச வேண்டும். பிறரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடலாகாது. ஒரு மசோதாவைப் பற்றி ஒரு நாளில் ஒரு தடவைக்குமேல் பேசலாகாது. பொழுது சாய்ந்த பின்னும் விவாதம் நீடிக்குமானால், மெழுகுவர்த்தி கொண்டுவரலாமா என்பதைக்கூடச் சபையே தீர்மானிக்க வேண்டும்.

இத்தகைய விதிகள் அற்பமானவை என்று எண்ணிவிடலாகாது. மசோதா ஒவ்வொன்றும் மும்முறை வாசிக்கப்பெற வேண்டும் என்பதும், இரண்டாவது வாசிப்புக்குப் பின் கமிட்டியின் பரிசீலனைக்கு உட்பட வேண்டும் என்பதும், அதன்பின் தோற்சுருளில் திருத்தமாக எழுதப்பட்டு இறுதி வாசிப்புக்கு வர வேண்டும் என்பதும், அவசரத்தையும் ஆத்திரத்தையும் தடுத்து நிறுத்திய வரம்புகள். அந்த மசோதாக்களில் பெரும்பாலானவை ராஜாங்கத்தின் பெரிய பிரச்னைகளைப் பற்றியவை அல்ல. கடன்பட்ட பிரபு ஒருவர் தம் பரம்பரை நிலத்தை விற்க அனுமதி கேட்பார்; அந்நிய நாட்டில் பிறந்த வியாபாரி இங்கிலாந்தின் பிரஜையாக ஏற்கப்பட வேண்டுவார்; சதுப்பு நிலத்தை வடித்து உழுநிலமாக்க ஒரு கூட்டத்தார் முனைவார்கள்; அவ்வாறு செய்தால் தங்கள் மேய்ச்சலும் மீன்பிடிப்பும் போய்விடுமே என்று மற்றொரு கூட்டத்தார் முறையிடுவார்கள். தோல் வியாபாரம், கம்பளி, பாலம், ஆற்றுப் போக்குவரத்து என்று வாழ்க்கையின் சகல துறைகளும் அந்த மேஜைக்கு வந்தன. தனிப்பட்டவரின் நன்மைக்கான மசோதாக்களுக்குச் சபாநாயகருக்கும் குமாஸ்தாவுக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததால், அந்த வாயில் எல்லாருக்கும் ஒரே அளவாகத் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பணமும் செல்வாக்கும் இல்லாதவருக்கு எஞ்சிய வழி விண்ணப்பம். அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் அது ஒரு கலை என்பது விளங்கும். ஒரே தாளில், மேலே சபையின் விருதுப் பெயர்கள் விரிவாக நிற்கும். அதன்கீழ் இன்னாருடைய தாழ்மையான விண்ணப்பம் என்று, ஊரும் தொழிலும் சேர்த்து மனுதாரர் தம்மை அறிவித்துக்கொள்வார். அடுத்து, நடந்தது நடந்தபடி, தேதியும் தொகையும் பெயரும் தவறாமல் வரலாறு வரும். அதன்பின், ஆகவே இன்னது செய்தருள வேண்டும் என்ற வேண்டுகோள். முடிவில், அவ்வாறு செய்தால் தங்கள் க்ஷேமத்துக்காக என்றென்றும் பிரார்த்திப்பேன் என்ற உறுதி. எழுத்தறியாதோர் மனு எழுதிக்கொடுக்கும் எழுத்தரைக் கொண்டு எழுதுவித்து, கையெழுத்துக்கு ஈடாக ஒரு குறியிட்டார்கள். தாள் முழுவதும் விநயம் ததும்பும். ஆனால் அந்த விநயத்தின் போர்வைக்குள் இருப்பது திட்டவட்டமான ஒரு குற்றச்சாட்டு. பணிவின் மொழியைக் குறையில்லாமல் கையாண்டவரை அகங்காரி என்று தள்ளிவிட முடியாது. அவர் சொன்ன விவரங்களை ஆராய்ந்தே பதில் கூற வேண்டும். சிறையில் வாடிய கடனாளியும், கணவனை இழந்த மாலுமியின் மனைவியும் பெருந்தனக்காரரை எதிர்த்து வாய்திறக்க இடம் தந்தது இந்த வடிவமே.

அதன் வலிமையை 1621-ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. நீதித்துறையின் சிகரத்தில் வீற்றிருந்த லார்டு சான்ஸலர் பிரான்சிஸ் பேக்கன், மேதை என்று அகில ஐரோப்பாவும் போற்றியவர். தம் நியாயஸ்தலத்தில் வழக்கு நிலுவையிலிருக்கும்போதே வழக்காளிகளிடம் பணம் பெற்றார் என்று ஆப்ரி, எகர்ட்டன் என்ற இருவர் காமன்ஸ் சபையில் முறையிட்டனர். அவ்விரண்டு முறையீடுகளைத் தொடர்ந்து மேலும் பல வந்தன. பேக்கன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவியிழந்தார். 40,000 பவுன் அபராதமும் விதிக்கப்பெற்றார். அதே ஆண்டில் பார்லிமெண்டின் மற்றொரு சபையாகிய பிரபுக்கள் சபை விண்ணப்பங்களை ஆராய்வதற்கென்றே ஒரு கமிட்டியை அமைத்தது.

ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர், 1628-இல், சபையே மன்னன்முன் மனுதாரராக நின்றது. பார்லிமெண்டின் சம்மதமின்றி வரி வாங்கலாகாது, காரணம் காட்டாமல் ஒருவரையும் சிறையிடலாகாது, குடிகளின் வீடுகளில் படைவீரரைத் தங்கவைக்கலாகாது, சமாதான காலத்தில் ராணுவச் சட்டம் செலுத்தலாகாது என்பவற்றை உரிமை விண்ணப்பம் என்ற பெயரில் எட்வர்டு கோக் போன்ற சட்ட வல்லுநர் வகுத்தனர். இவை புதிய சலுகைகள் அல்ல, முன்னோர் காலந்தொட்டு வந்த உரிமைகள் என்று கூறியதே அவர்களுடைய சாமர்த்தியம். ஜூன் 2-ஆம் தேதி சார்லஸ் மழுப்பலான மறுமொழி தந்தார். சபையார் அதை ஏற்கவில்லை; விரும்பியபடியே நியாயம் செய்யப்படுக என்ற சம்பிரதாயமான வாசகத்தை ஜூன் 7-ஆம் தேதி மன்னன் வாயால் சொல்லவைத்த பிறகே ஓய்ந்தனர். மனுவின் வடிவம் கொடுப்பவரைக் கட்டுப்படுத்துவது போலவே பெறுபவரையும் கட்டுப்படுத்தும் என்பதற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

மறு ஆண்டு சபையைக் கலைத்த சார்லஸ், பதினோரு ஆண்டுகள் அதைக் கூட்டாமலே ஆண்டார். குறைகள் தீரவில்லை, கேட்பார்தான் இல்லாமற்போயினர். ஆதலால் 1640 நவம்பர் 3-ஆம் தேதி நெடும் பார்லிமெண்ட் என்று பின்னர் பெயர்பெற்ற சபை கூடியபோது, அடைத்து வைத்த ஏரி கரையை உடைத்ததுபோல் விண்ணப்பங்கள் பாய்ந்தன. பிஷப்புகளைக் கண்டித்து எழுதியதற்காகக் காதறுக்கப்பட்டுச் சிறையிலிருந்த பர்ட்டன், பாஸ்ட்விக் ஆகியோரின் மனைவியர் முதல் வாரத்திலேயே மனுக் கொடுத்து, கணவன்மாரை மீட்கும் உத்தரவைப் பெற்றனர். ஜான் லில்பர்ன் என்ற இளைஞரின் மனுவை ஏந்தி நவம்பர் 9-ஆம் தேதி எழுந்து பேசியவர், நாட்டுப்புறத் தையற்காரர் தைத்த எளிய உடை அணிந்திருந்த ஆலிவர் கிராம்வெல். டிசம்பர் 11-ஆம் தேதி, பிஷப்புகளின் ஆட்சியை வேரும் கிளையுமாகக் களைய வேண்டும் என்ற லண்டன் நகரத்தாரின் மனு வந்தது. அதில் 15,000 பேர் கையொப்பமிட்டிருந்ததாகச் சொல்லப்பட்டது.

இங்கே அக்கலை தன் இயல்பில் மாறுதல் அடைகிறது. தனி மனிதனின் குறையைச் சொன்ன காகிதம், ஒரு ஜனசமூகத்தின் கருத்தைச் சொல்லும் கருவியாயிற்று. கோவிற்பற்றுகளில் கையொப்பம் திரட்டினர். மனுக்களை அச்சிட்டுப் பரப்பினர். பிஷப்புகளை ஆதரித்துச் செஷயர் முதலான மாவட்டங்களிலிருந்து எதிர்மனுக்களும் எழுந்தன. வாசியாமலே கையொப்பமிட்டோரும், அண்டை வீட்டாருக்கு அஞ்சிக் கையொப்பமிட்டோரும் இருந்திருப்பர் என்பது உண்மையே. எனினும், ராஜாங்க விஷயங்களைப் பற்றித் தனக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கலாம் என்று செருப்புத் தைப்பவரும் படகோட்டியும் முதன்முறையாக உணர்ந்தது இதனால்தான். அந்த லாபத்துக்கு முன் இக்குறைகள் சிறியவை என்றே நான் மதிக்கிறேன்.

1642 பிப்ரவரியில் நடந்த ஒரு சம்பவத்தைச் சற்று அருகிலிருந்து காண்போம். பீர் காய்ச்சுபவர் ஒருவரின் மனைவியான ஆன் ஸ்டாக் என்பவரின் தலைமையில், சீமாட்டிகளும் வியாபாரிகளின் மனைவியருமாகப் பெண்கள் பலர் சபையின் வாயிலில் திரண்டு நின்று மனுவை உள்ளே அனுப்புகின்றனர். மனு வாசிக்கப்படுகிறது. சபையின் பெருந்தலைவரான ஜான் பிம் தாமே வாயிலுக்கு வந்து, அவர்களுடைய மனு நன்றியுடன் ஏற்கப்பட்டது என்று கூறி, வீட்டுக்குச் சென்று சபைக்காகப் பிரார்த்திக்கும்படி கேட்டுக்கொள்கிறார். ஏழு ஆண்டுகள் சென்றபின், 1649 ஏப்ரலில், சிறைப்பட்ட லில்பர்ன் முதலானோரை விடுவிக்கக் கோரி மீண்டும் பெண்கள் வந்தனர். மன்னனையே வென்று அமர்ந்திருந்த சபை, இது உங்கள் அறிவுக்கு எட்டாத விஷயம், வீட்டு வேலையைப் பாருங்கள் என்று சேவகர் மூலம் சொல்லியனுப்பிற்று. ஆதரவை நாடிய காலத்தில் வாயிலுக்கு இறங்கி வந்த சபை, அதிகாரம் கைவந்தபின் முகத்தைத் திருப்பிக்கொண்டது. 1647-இலேயே, லில்பர்ன் சார்ந்த சமத்துவக் கட்சியாரின் மனுக்களைக் கொலைத் தண்டனை நிறைவேற்றுபவன் கையால் கொளுத்துமாறு அது உத்தரவிட்டிருந்தது. ஆனால் அப்பெண்கள் அடங்கிவிடவில்லை. மே மாதமே மற்றொரு மனுவுடன் வந்து, இத்தேசத்தின் சுதந்திரத்தில் ஆண்களைப் போலவே எங்களுக்கும் பங்குண்டு என்று வாதித்தார்கள். ஒரு சபையின் தரத்தை அறிய வேண்டுமானால், அது பலம் பெற்ற நாளில் எளியோரின் மனுவை எப்படிப் பெற்றுக்கொள்கிறது என்று பார்த்தால் போதும்.

மன்னராட்சி மீண்டதும், 1661-இல், மனுக்கொடுக்கும் கூட்டங்களைக் கண்டு அஞ்சிய பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. அரசையோ சமயத்தையோ மாற்றக் கோரும் மனுவில் இருபது பேருக்கு மேல் கையொப்பம் பெற வேண்டுமானால், மூன்று மாஜிஸ்டிரேட்டுகளின் அல்லது பெருஞ் ஜூரியில் பெரும்பான்மையோரின் சம்மதம் வேண்டும்; அதைக் கொண்டுசெல்வோர் பத்துப் பேருக்கு மிகலாகாது. ஆயினும் உரிமை அழிந்துவிடவில்லை. தாமஸ் ஸ்கின்னர் என்ற வியாபாரி, சுமத்ராப் பகுதியில் தம் கப்பலையும் சரக்கையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்கள் கைப்பற்றினர் என்று பிரபுக்கள் சபையில் முறையிட்டார்; 1668-இல் அச்சபை அவருக்கு 5,000 பவுன் நஷ்டஈடு அளித்தது. கம்பெனியாரோ, இவ்வழக்கை நேரே விசாரிக்கப் பிரபுக்களுக்கு அதிகாரமில்லை என்று காமன்ஸ் சபைக்கு மனுக் கொடுத்தனர். இரு சபைகளும் பகைத்துக்கொண்டன; முடிவில் மன்னர் தலையிட்டு, இரண்டின் குறிப்பேடுகளிலிருந்தும் அவ்விவகாரத்தை நீக்கச் செய்தார். ஸ்கின்னருக்கு ஒன்றும் கிட்டவில்லை. ஆனால் அந்தக் கலகத்தின் இடையே, 1669-இல், குறையுற்ற குடிமகன் எவனும் விண்ணப்பம் தயாரித்துச் சமர்ப்பிப்பது அவனுடைய பிறவியுரிமை என்றும், அதைப் பெறுவது தன் உரிமை என்றும் காமன்ஸ் சபை தீர்மானம் நிறைவேற்றியது. அது நிலைத்துவிட்டது.

கடைசிச் சோதனை 1688-இல் வந்தது. இரண்டாம் ஜேம்ஸின் சமயப் பிரகடனத்தைக் கோவில்களில் வாசிக்கும் கட்டளையை மாற்ற வேண்டி, ஆர்ச்பிஷப் ஸான்கிராப்டும் ஆறு பிஷப்புகளும் மனுக் கொடுத்தனர். அம்மனுவே ராஜநிந்தை என்று அவர்கள்மேல் வழக்குத் தொடரப்பட்டது. ஜூன் 30-ஆம் தேதி ஜூரி அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தபோது லண்டன் நகரமே ஆரவாரித்தது. மன்னனுக்கு விண்ணப்பம் செய்வது பிரஜைகளின் உரிமை; அதற்காகச் சிறையிடுவதும் வழக்குத் தொடுப்பதும் சட்டவிரோதம் என்று 1689-இன் உரிமைச் சாசனம் விதித்தது.

இவ்வளவு புகழ்ந்த பின், இக்கலையின் எல்லையையும் சொல்வது என் கடமை. அந்நூற்றாண்டின் இறுதியில், இந்தியாவிலிருந்து வரும் பட்டும் சித்திரச் சீலையும் தங்கள் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று லண்டன் நெசவாளர் மனுமேல் மனுவாகக் கொடுத்தனர். 1697-இல் சபையின் வாயிலிலேயே திரண்டு நின்றனர். 1700-இல் நிறைவேறிய சட்டம் அத்தகைய துணிகளை இங்கிலாந்தில் உடுத்தவும் பயன்படுத்தவும் தடை செய்தது. அந்த நெசவாளரின் பசி மெய்யானது. அவர்கள் முறையிட்டதில் பிழையில்லை. ஆனால் அச்சீலைகளில் சிறந்தவற்றை நெய்தும் சாயமிட்டும் எழுதியும் பிழைத்த நம் சோழமண்டலக் கரைத் தொழிலாளர் தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்ல, அந்தச் சபையில் ஒரு வாயிலும் இல்லை. கம்பெனியார் பேசியது தங்கள் லாபத்தைப் பற்றி. வாயிலுக்கு வர இயலாதவரின் குறையைத் தானே தேடிச் சென்று கேட்கும் ஏற்பாடு இல்லாதவரையில், எவ்வளவு செம்மையான விண்ணப்ப முறையும் பாதி நியாயத்தையே வழங்க முடியும்.

நேயர்களே, காமன்ஸ் சபைக்கு வந்த மூல விண்ணப்பங்களில் பெரும்பாலானவை 1834-ஆம் ஆண்டு அரண்மனையில் மூண்ட தீயில் சாம்பலாயின. தனிக் கோபுரம் ஒன்றில் வைக்கப்பட்டிருந்ததால் பிரபுக்கள் சபையின் காகிதங்கள் தப்பின. அவற்றுள் பல, கேட்டதைப் பெறாமல் போன மனுக்கள். அவற்றைத் தோல்விகள் என்று நான் கருதவில்லை. மறுக்கப்பட்ட மனுவும் வாசிக்கப்பட்டது, தேதியிட்டுப் பதியப்பட்டது, மறுத்தவரின் பெயரால் அந்த மறுப்பு நின்றது. குறையைத் திருத்தமாகச் சொல்லும் பயிற்சி குடிகளுக்கும், அதைப் பொறுமையாகக் கேட்டு விடைகூறும் பயிற்சி ஆள்வோருக்கும் ஒருங்கே வாய்த்தாலன்றி, ஜனநாயகம் என்பது தேர்தல் நாளோடு முடிந்துபோகும் சடங்காகிவிடும். தேர்தல்கள் எளியோருக்கு எட்டாதிருந்த அந்நூற்றாண்டில், வாக்குரிமை இல்லாத பெண்களும் கைதிகளும் தொழிலாளரும் ஒரு தாளைக்கொண்டே சபையைப் பேசவைத்தார்கள். வாக்குரிமை பெற்றுவிட்ட நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது, ஒரு முறை மறுக்கப்பட்டாலும் அடுத்த மாதமே மற்றொரு மனுவுடன் அதே வாயிலுக்கு வரும் அந்த விடாமுயற்சியைத்தான்.