சைக்கிள் ஓடும் பாதை யாருடையது?

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஹெல்மட் போட்ட வெளிநாட்டார் நம் மலைகளுக்குள் வரிசையாகச் சைக்கிளில் இறங்குவதைப் பார்க்கிறோம். முன்னால் வழிகாட்டி, பின்னால் சாமான் வேன். ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில் நடைபாதை 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கும் அதிகம். அதில் பெரும்பகுதி தோட்டப் பாதை. சைக்கிள்காரர் தேடி வருவதும் இப்படிப்பட்ட பாதைகளைத்தான்.

காரணம் இருக்கிறது. தேயிலைப் பெட்டி ஏற்றிய மாட்டு வண்டிக்காகச் சரிவைக் குறைத்து, மலையைச் சுற்றி வெட்டிய பாதைகள் இவை. மாடு ஏறிய சரிவில் சைக்கிளும் ஏறும். வெட்டியது நம் பாட்டன் பாட்டிமார்.

வருகிறவர்கள் நமக்கு எதிரிகள் அல்லர். ஆனால் அவர்கள் கொடுக்கும் பணம் கொழும்பிலும் பங்களா ஹோட்டலிலும் நின்றுவிடக் கூடாது. அதனால் மூன்று விடயங்களைக் கேட்கிறோம்.

ஒன்று, வேலை. இறக்கத்துக்கு முன் பிரேக் பார்ப்பது, டியூப் மாற்றுவது, முதலுதவி செய்வது, பனிமூட்டம் இறங்கினால் குழுவை நிறுத்துவது: இதுதான் வழிகாட்டியின் தொழில். எந்தக் குறுக்குப் பாதை மழையில் வழுக்கும் என்பது ஏ.எல். முடித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்களுக்கு ஆங்கிலமும் பயிற்சியும் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் வழிகாட்டி அனுமதிப்பத்திரமும் வேண்டும்.

இரண்டு, பாதை. பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. தோட்டத்துக்குள் சேவை செய்யச் சபைக்கு இப்போது அதிகாரம் உண்டு. “தோட்டப் பாதை எங்கள் பொறுப்பல்ல” என்ற பதில் இனிச் செல்லாது. சைக்கிள் போகும் அதே பாதையில்தான் பிரசவத் தாயும் பள்ளிப் பிள்ளையும் போகிறார்கள்.

மூன்று, மரியாதை. கொழுந்து எடுக்கும் பெண்ணைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. படத்துக்கு நின்ற நேரத்தில் குறைந்த கிலோவுக்கு யார் முழுப்பேர் போடுவார்? லயம் காட்சிச்சாலை அல்ல. இதை வழிகாட்டி புறப்படும் முன்பே சொல்ல வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிஷனும் உடைந்த பாதைகளின் பட்டியலையும், பயிற்சிக்கு ஆயத்தமான ஒரு ஆண், ஒரு பெண் பிள்ளையின் பெயரையும் கொண்டுவர வேண்டும். அவற்றோடு சபைக்கும் நிர்வாகத்துக்கும் போவோம்.