சோதினைக்கு உதவாத புத்தகங்கள்



போன மாதம் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு புத்தகக் கடையில் நின்றேன். பக்கத்தில் ஒரு தாயும் நாலாம் வகுப்பு மகளும். தாயின் கையில் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் கட்டு, மகளின் கையில் ஒரு கதைப்புத்தகம். "அதை வை பிள்ளை, சோதினை முடியட்டும்" என்றார் தாய். பிள்ளை வைத்துவிட்டது. ஒரு சோதினை முடிய இன்னொன்று வரும் என்பது அதற்கு இன்னும் தெரியாது.

தாயில் மட்டும் பிழை சொல்ல மாட்டேன். பிள்ளை புத்தகத்தை வைத்த தட்டில் இருந்தவற்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். முக்கால்வாசியில் 'நீதி' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. மருந்துக்குத் தேன் குழைத்த மாதிரிக் கதை. பிள்ளைகள் கெட்டிக்காரர், தேனை நக்கிவிட்டு மருந்தைத் துப்பிவிடுவார்கள். ஆறுமுக நாவலரும் பாலர்களுக்கு எழுதினார்தான். ஆனால் அவர் அதற்குப் 'பாலபாடம்' என்றே பெயர் வைத்தார். கதை என்று சொல்லி ஆரையும் ஏமாற்றவில்லை.

ஆகவே என் சிபாரிசின் முதல் விதி: கடைசிப் பக்கத்தில் நீதி இருந்தால் புத்தகத்தைத் திரும்ப வையுங்கள்.

ஆறேழு வயதுக்கு நவாலியூர் சோமசுந்தரப் புலவரை விட்டால் வேறு ஆள் எனக்குத் தெரியாது. 1878இல் பிறந்து 1953இல் மறைந்த, 'தங்கத்தாத்தா' என்று அழைக்கப்படும் அவரின் சிறுவர் பாடல்கள் 'சிறுவர் செந்தமிழ்' என்ற நூலாக இருக்கின்றன. ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் வரும் பாட்டு மட்டும்தான் நமக்கு ஞாபகம். கத்தரித் தோட்டத்து வெருளி பற்றிய பாட்டைப் பாருங்கள். அசையாமல் நிற்கும் வைக்கோல் உருவத்தோடு, காவல்காரனோடு பேசுவது போலப் பேச்சுக் கொடுக்கிறார். பால்குடத்தோடு மனக்கோட்டை கட்டும் பெண்ணின் கதை உலகமெல்லாம் உலாவுகிற பழங்கதை. புலவர் அவளைப் பருத்தித்துறைக்காரி ஆக்கி, பவளக்கொடி என்று பெயரும் வைத்தார். பிறகு அவள் நம்மூர்ப் பெட்டைதானே!

பத்து வயதுக்கு மேலே 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. டெட்சுகோ குரோயாநாகி தன் சின்ன வயதைப் பற்றி எழுதியது. இது கதையல்ல, நடந்தது. குழப்படி தாங்க முடியாமல் ஒரு பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளையை வெளியே அனுப்புகிறது. அடுத்த பள்ளிக்கூடத்தில் வகுப்பறைகள் எல்லாம் பழைய ரயில் பெட்டிகள்! அங்கே தலைமையாசிரியர் முதல் நாளே நாலு மணித்தியாலம் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரியூசனுக்கும் ரியூசனுக்கும் இடையில் ஓடுகிற நம் பிள்ளைகளுக்கு இது மாயக்கதை போல இருக்கும். 1990இல் யாழ்தேவி ரயில் நின்று, 2014இல்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. இடையில் இங்கே பிறந்து வளர்ந்த பல பிள்ளைகளுக்கு ரயில் பெட்டி என்பது பாடப்புத்தகத்துப் படம். புத்தகத்தின் முடிவில் டோட்டோ-சானின் பள்ளிக்கூடம் குண்டுவீச்சில் எரிகிறது. ஜப்பானில் இந்தப் புத்தகம் வெளிவந்தது 1981இல். நமது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததும் அதே ஆண்டுதான். இதைப் பிள்ளைக்கு நீங்கள் எடுத்துச் சொல்லத் தேவையில்லை, அது தானாகக் கேட்கும்.

விஞ்ஞானத்துக்கு யாக்கோவ் பெரல்மானின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்', பழைய சோவியத் பதிப்பு. மொழிபெயர்ப்பில் கொஞ்சம் கரடுமுரடு உண்டு. ஆனால் கேள்விகள் பிள்ளையை விடாது. பெரல்மான் 1942இல் லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் இறந்தவர். இங்கே போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக மிச்சம் பிடித்து அவரைப் படித்தவன் நான். அவர் எப்படிச் செத்தார் என்பது அப்போது தெரியாது.

பதின்மூன்று, பதினாலு வயதானால் சிறுவர் தட்டை விட்டு வெளியே கூட்டிப் போங்கள். டொமினிக் ஜீவாவின் தன்வரலாறு 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. சவரக்கடையில் நின்றபடியே எழுத்தாளனாகி, 1966இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கியவர். சாதியின் பேரால் இந்த ஊர் அவருக்குச் செய்ததை வாசிக்கையில் பெரியவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அதற்காகப் பிள்ளைக்கு ஒளிக்க வேண்டாம்.

கடைசியாக என் செல்லம்: செங்கை ஆழியானின் 'ஆச்சி பயணம் போகிறாள்'. ஊரை விட்டு வெளியே போயறியாத யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தி கதிர்காமத்துக்குப் புறப்படுகிறாள். இது சிறுவருக்கென்று எழுதியதல்ல, அதுதான் அதன் பலம். ஆச்சி ஆருக்கும் புத்தி சொல்லப் புறப்படவில்லை. சிரிக்கவைத்தபடி நாட்டைக் காட்டுகிறாள்.

இவற்றிற் சில இப்போது கடையில் கிடைக்காது. பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் கேளுங்கள். ஊர்ச் சனசமூக நிலையத்து அலுமாரியையும் ஒருக்கால் திறந்து பாருங்கள். திறப்பு ஆரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய நூல்கள் பல இலவசமாக இருக்கின்றன. ஆனால் போனில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளை அரை மணியில் எங்கே நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

ஆச்சியின் கதையை மட்டும் முதலில் வீட்டில் இருக்கிற அம்மம்மாவிடம் கொடுங்கள், சத்தமாக வாசிக்கச் சொல்லி. அந்தப் பேச்சு அவர் வாயில்தான் சரியாக வரும். இரண்டாம் பக்கத்தில் அவர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். என்ன என்று கேட்டுக்கொண்டு பிள்ளை கிட்ட வரும்.