விடுமுறையும் படிப்பும்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் விடுமுறையும் படிப்பும் என்பதாகும். "இதில் பேச என்ன இருக்கிறது? மணி அடித்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதானே" என்று மாணவர் நினைக்கக்கூடும். ஆனால் சித்திரை, ஆவணி, மார்கழி என்று வருஷத்தில் மூன்று முறை வரும் அந்த நாட்களிலேதான் ஒரு பிள்ளையின் படிப்பு முன்னுக்குப் போவதும், சில வேளை அடியோடு நின்றுவிடுவதும் நடக்கின்றன.

விடுமுறை பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. விடுமுறை ஓய்வுக்கென்றே விடப்பட்டது, புத்தகத்தைக் கட்டி மூலையில் வைக்கலாம் என்பது ஒரு கட்சி. பரீட்சை வருகிறது, காலையில் ஒரு ரியூசன், மாலையில் ஒரு ரியூசன் என்று பிள்ளையை ஓட்ட வேண்டும் என்பது மற்றக் கட்சி. முன்னது பெரும்பாலும் பிள்ளைகளின் கட்சி. பின்னது பெற்றோரின் கட்சி. இரண்டும் நம் கரையோரத்து வாழ்க்கையைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

சிலாபம் தொடக்கம் உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி வரையுள்ள இந்தக் கரையிலே விடுமுறை என்பது வெறும் ஓய்வுக் காலம் அன்று. ஐப்பசி முதல் சித்திரை வரை நம் மேற்குக் கடல் அமைதியாக இருக்கும். அதுவே கரைவலைப் பருவம். மார்கழி விடுமுறையும் சித்திரை விடுமுறையும் அந்தப் பருவத்துக்குள் வந்து விழுகின்றன. அம்பா பாடி வலை இழுக்கும் இடத்தில் எத்தனை கைகள் கிடைத்தாலும் போதாது. ஆவணி விடுமுறையை அண்டியோ உடப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பும், முன்னேஸ்வரத்தில் மகோற்சவமும் வருகின்றன. இவை போக உப்பளம், இறால் பண்ணை, கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டம், தென்னந்தோப்பு என்று வேலைகள் காத்திருக்கின்றன. நம் பிள்ளைக்கு விடுமுறையிலே வேலையும் உண்டு, விழாவும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையில் படிப்புக்கு எங்கே இடம் என்பதே கேள்வி.

வீட்டு வேலையில் பிள்ளை கை கொடுப்பது நல்லதே. கடலையும் காற்றையும் அறிவதும் ஒரு கல்விதான். ஆனால் ஓர் அபாயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். விடுமுறையில் வலைக்குப் போகும் பையனுக்குப் பங்கு கிடைக்கிறது. கையில் காசு புழங்குகிறது. தவணை தொடங்கியதும் "இந்தக் கிழமை மட்டும் போகட்டும்" என்று ஒரு கிழமை கழிகிறது. பின் ஒரு மாதம். முடிவில் அவன் பாடசாலை வாசலை மறந்துவிடுகிறான். யாரும் அவனைப் படிப்பை விடச் சொல்லவில்லை. அது தானாக விடுபட்டுப் போகிறது. இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் நடைபெறுகிறது. 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை கட்டாயம் பாடசாலைக்குப் போக வேண்டுமென 2016 இல் விதியாயிற்று. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. தவணை தொடங்கும் நாளன்று பிள்ளையை வெள்ளை உடுப்போடு அனுப்புவது நம் கடமை.

இனிப் படிப்பை அடியோடு மூடிவைப்பதால் வரும் நட்டத்தைப் பார்ப்போம். எபிங்கௌஸ் என்னும் ஜெர்மன் அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று சோதித்து 1885 இல் ஒரு நூல் வெளியிட்டார். மறதி மெல்ல மெல்ல வருவதன்று. படித்த முதல் நாளிலேயே பெரும்பங்கு போய்விடுகிறது, பின்பு போவது கொஞ்சம் கொஞ்சமே என்று அவர் கண்டார். ஒரே நாளில் பல முறை உருப்போடுவதைவிட, நாள் விட்டு நாள் மீட்டுப் படிப்பதே நிலைக்கும் என்பதும் அவர் கண்டதுதான். பரீட்சைக்கு முந்திய வாரம் விடிய விடிய விளக்கெரிப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019 வரை பல ஆண்டுகளாக உயர்தரப் பரீட்சை ஆவணியிலும் சாதாரண தரப் பரீட்சை மார்கழியிலும் நடந்தன. 2020 இல் கொரோனா நோயால் பாடசாலைகள் மூடப்பட்ட பின்னர் அந்த ஒழுங்கு குலைந்தது. ஆகவே அண்ணன்மார் படித்த மாத ஒழுங்கை நம்பி இருப்பவன் ஏமாந்து போவான். அலை ஓய்ந்த பின் கடலாடலாம் என்று கரையில் நின்றவன் குளித்ததில்லை.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? மூன்று வார விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று நாளும் புத்தகத்தைத் தொட வேண்டாம். நன்றாகத் தூங்குங்கள், விளையாடுங்கள், உறவினர் வீட்டுக்குப் போய் வாருங்கள். மிகுதிப் பதினெட்டு நாளும் தினமும் இரண்டரை மணித்தியாலம் படியுங்கள். மொத்தம் 45 மணித்தியாலம் ஆகிறது. சாதாரண தரத்து ஒன்பது பாடங்களுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து மணித்தியாலம். கலியாணம், கோயில் என்று இரண்டு நாள் போனாலும் 40 மணித்தியாலம் மிஞ்சும். அதிகாலை மிகச் சிறந்தது. காலையில் வலைக்குப் போகிறவன் பின்னேரம் படிக்கட்டும். எந்த நேரம் என்பது பெரிதன்று. அந்த நேரம் நாளுக்கு நாள் மாறாதிருப்பதே பெரிது.

அந்த நேரத்தில் கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். பிடித்த பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்காமல், பயப்படும் பாடத்தை முதலில் எடுங்கள். கடந்தகால வினாத்தாளை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு எழுதுங்கள். விளங்கியதைத் தம்பி தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள். விளங்காதது எது என்று அப்போது தெரியும். அது முடிந்தால் மீதி நேரம் முழுவதும் உங்களுடையது. பந்தடியுங்கள், கதைப்புத்தகம் வாசியுங்கள், சும்மாவும் இருங்கள். பெற்றோரும் அந்த நேரத்தில் "புத்தகத்தை எடு" என்று கூப்பிடலாகாது.

கிடைத்த ஓய்வைப் பயன்படுத்தியவருக்கு உதாரணம் தேடி வேற்றூர் போக வேண்டியதில்லை. 1807 இல் கற்பிட்டியிலே பிறந்த சைமன் காசிச்செட்டி அவர்கள் புத்தளத்தில் மணியகாரராக அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே, இலங்கையின் ஊர்களைப் பற்றிய விபரங்களை அகராதி முறையில் தொகுத்து 1834 இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 27. தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டிய 'தமிழ்ப் புளூட்டாக்' என்னும் ஆங்கில நூலை 1859 இல் தந்தார். அவருக்கும் நாளுக்கு இருபத்துநான்கு மணித்தியாலமே இருந்தது.

நம் முன்னோரும் ஓய்வை அறிந்தவர்களே. சரஸ்வதி பூசையன்று புத்தகங்களைப் பூசையில் வைத்து, அன்று படியாமல் விடுகிறோம். மறுநாள் விஜயதசமியில் அவற்றை எடுத்து வாசிக்கத் தொடங்குகிறோம். சிறு பிள்ளைக்கு ஏடு தொடக்குவதும் அன்றுதான். ஓய்வுக்கு ஒரு நாள் குறித்தவர்கள் திரும்பத் தொடங்கவும் ஒரு நாள் குறித்தார்கள். திரும்பும் நாள் தெரிந்த ஓய்வே ஓய்வு, தெரியாதது சோம்பல்.

பெரியோர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஆண்பிள்ளைக்கு விடுமுறை என்றால் மைதானம், பெண்பிள்ளைக்கு விடுமுறை என்றால் அடுப்படி என்ற வழக்கத்தை விடுங்கள். பரீட்சை இருவருக்கும் ஒரே வினாத்தாளைத்தான் கொடுக்கிறது. ஆதலால் அந்த இரண்டரை மணித்தியாலத்தை மகளுக்கும் ஒதுக்கிக் கொடுங்கள். இரண்டாவதாக, ரியூசன் தேவையான பாடத்துக்கு மட்டும் இருக்கட்டும்; வெறும் வகுப்புகளால் நாளை நிரப்பினால், கேட்டதைத் தானே இருந்து படிக்கப் பிள்ளைக்கு நேரமில்லாமற் போகும்.

சங்கத்து இளைஞர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியைக் கட்டுபவர்கள் நீங்கள். பரீட்சை நாட்களில் அதன் சத்தத்தைக் குறைக்க வேண்டியவர்களும் நீங்களே. படிக்க மேசையும் விளக்கும் இல்லாத வீடுகள் நம்மிடையே உண்டு. விடுமுறை இரவுகளில் வாசிகசாலையைத் திறந்து வைத்து, உயர்தரம் படித்த ஒருவர் முறை வைத்து அங்கே இருந்தால், கணக்கில் தடுமாறும் ஒரு பிள்ளைக்கு வழி பிறக்கும். அதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. மனம் இருந்தாற் போதும்.

தம்பிமாரே, தங்கைமாரே, அடுத்த விடுமுறை தொடங்கும் அன்றே ஒரு கொப்பித் தாளில் இரண்டு நாட்களைக் குறித்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒன்று புத்தகத்தைத் திறக்கும் நாள். மற்றது பாடசாலைக்குத் திரும்பும் நாள்.