பால் பல்லும் பால் போத்தலும்

(கிளைக் குடும்ப நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் போனசும் பேசுகிற மேடையில் குழந்தையின் பல்லைப் பற்றிப் பேசுவதா என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் பல்வலியால் அழுத பிள்ளையை இரவெல்லாம் தோளில் போட்டு நடந்துவிட்டு, விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்ற தாய் இக்கூட்டத்தில் ஒருத்தி மட்டுமல்ல. அவர்கள் சிரிக்கவில்லை.

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும், அதற்கு என்ன வைத்தியம்?" என்று நம் தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. விழும்தான், எப்போது விழும்? ஆறு மாத வாக்கில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் 20 பற்களும் வந்துவிடுகின்றன. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழும். கடைவாய்ப் பால் பற்களோ பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. அதுவரை பிள்ளை மென்று தின்ன வேண்டாமா? சொத்தை வேர்வரை இறங்கிச் சீழ் பிடித்தால், அடியில் வளரும் நிரந்தரப் பல்லும் கெடக்கூடும்.

பல்லைப் பூச்சி அரிக்கிறது என்று கண்டங்கத்திரி விதையைப் புகைத்து வாயில் பிடிப்பதுண்டு. பல்லில் பூச்சி கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டு. நாம் தின்னும் சர்க்கரையை அவையும் தின்று ஆசிட்டை உண்டாக்குகின்றன. ஆசிட் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைத்த கைகளுக்கு அது தெரியும். வாயில் உண்டாவது அத்தனை கடுமையானதன்று. ஆனாலும் இனிப்புப் பட்ட ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை மணி நேரம் பல்லின் மேல்தோட்டைக் கரைக்கிறது. பிறகு உமிழ்நீர் அதை மெல்ல மெல்லச் சரிப்படுத்துகிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் மரம் வெட்டுவது எதற்காக? ஓய்வின்றி வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். பல்லுக்கும் அந்த ஓய்வு வேண்டும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட, நாளில் எத்தனை தடவை என்பதே பெரிது.

இப்போது போத்தலுக்கு வருவோம். நம்மில் பலர் வளர்ந்தது ஆயாக் கொட்டகையில். இருட்டோடு நம்மைத் தூக்கிவந்து விட்ட தாய், அழாமல் தூங்க வாயில் ஒரு போத்தலை வைத்துப் போனாள். அதில் இருந்தது சுடுநீரில் கரைத்த இனிப்பு டின் பால். அந்தப் பாலில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் சர்க்கரை! தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுப்பதை எதிர்த்து, டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்று தலைப்பிட்டே பேசினார். அவர் பேசியது சிசுக்களின் உயிரைப் பற்றி. பல் அதற்குப் பிந்தியது.

தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். மேல் முன்பற்களைச் சுற்றி இனிப்பு தேங்கி நிற்கும். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காக்கும். மேல்வரிசை கருகியும் கீழ்வரிசை வெள்ளையாகவும் சில பிள்ளைகள் சிரிப்பது இதனால்தான். இன்று டின் பாலுக்குப் பதில் இனிப்பு மாவுப் பாலும் பெட்டிப் பானமும் வந்திருக்கின்றன. பல்லுக்கு எல்லாம் ஒன்றே.

தாயைக் குறை சொல்ல நாம் இங்கே வரவில்லை. நான்கு மணிக்கு எழுகிறவள் வேறு என்ன செய்வாள்? அவளால் ஆகக்கூடியதைச் சொல்கிறோம். படுக்கையில் போத்தல் கேட்டால் வெறும் தண்ணீர் கொடுங்கள். முதல் நான்கு இரவு அழும், லயமே விழிக்கும், பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்ளட்டும். ஒரு வயதானதும் கிண்ணத்துக்குப் பழக்குங்கள். முதல் பல் தெரிந்த நாளிலிருந்து தேய்த்துவிடுங்கள். இரவு தேய்ப்பதைத் தவறவிடாதீர்கள். மூன்று வயதுவரை அரிசியளவு பற்பசை, அதன்பின் பட்டாணியளவு. அதில் ஃப்ளோரைடு இருக்க வேண்டும். அடுப்புக்கரியும் செங்கல் தூளும் வேண்டாம், அவை பல்லைத் தேய்த்தே விடும். ஏழெட்டு வயதுவரை பிள்ளையின் கையில் பிரஷை விட்டுவிட்டு அப்பன் பேப்பர் படிக்கப் போய்விடக் கூடாது.

குழாய்த் தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்க்க மலேசிய அரசாங்கம் 1972-ல் முடிவு செய்தது. தோட்டத்துக் கிணற்றையும் ஆற்றையும் நம்பியிருக்கும் லயங்களுக்கு அந்தப் பயன் எட்டாது. நல்ல குழாய்த் தண்ணீர் கேட்கும்போது நிர்வாகத்திடம் இதையும் சேர்த்துச் சொல்வோம்.

இன்று வீடு போனதும் பிள்ளையை வெளிச்சத்தில் உட்கார வைத்து மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல் வெள்ளை தெரிந்தால் அதுவே தொடக்கம். அப்போதே கவனித்தால் மீட்கலாம். குழி விழுந்துவிட்டால் தானாக ஆறாது. அரசாங்கப் பல் மருந்தகத்துக்கு அழைத்துப் போக லீவு கிடைக்காதவர்கள், கூட்டம் கலைவதற்குள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.