கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

திருச்சுழி செல்லும் வழியில் நம் அறக்கட்டளை நிலத்தை ஒட்டி ஓர் ஓடை போகிறது. அதன் குறுக்கே சிறு அணை கட்டித் தண்ணீர் தேக்கி, பெருநாள் விடுமுறையில் நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து அமரப் பூங்கா அமைக்கலாம் என்று கொடையாளர் ஒருவர் முன்வந்தார். வறண்ட பூமியில் வளர்ந்தவர்கள் நாம். தேங்கிய தண்ணீரைப் பார்த்தாலே மனம் குளிர்ந்துவிடும். தீர்மானம் எழுதுகிற அளவுக்குப் போய்விட்டோம். அப்போது ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் கேட்டார்: "கரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள்?" எங்களிடம் பதில் இல்லை.

மறுநாள் ஓடை வழியே நடந்து பார்த்தோம். அரை கிலோமீட்டருக்குள் செங்கல் சூளைத் தொழிலாளர் குடிசைகள். அதைத் தாண்டி ஆட்டுக்கிடை. அவர்கள் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் அண்டை வீட்டார்; அவர்களுக்கு நம் மீது ஹக் உண்டு.

அணைகளை அபாய வகை பிரிப்பதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான். கரை பலமா, பலவீனமா என்பதை அந்த வகை சொல்வதில்லை. உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பதையே சொல்கிறது. அமெரிக்காவில் குறைந்த, கணிசமான, உயர்ந்த அபாயம் என்று மூன்று வகை. உயிர் போகும் என்று கருத இடமிருந்தால், கரை புத்தம் புதிதாக இருந்தாலும் அது உயர்ந்த அபாயமே.

நம் நாட்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் அணைகளுக்கும் பொருந்தும். நாங்கள் எண்ணியது நான்கு மீட்டர். அந்தச் சட்டம் நம்மைக் கேட்காது. அல்லாஹ் கேட்பான்.

பொழுதுபோக்குக்காகத் தேக்கிய தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை, செல்வந்தர்களின் மீன்பிடிச் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமானது. நீரை இறக்கும் அடிக்குழாய்கள் முன்பே கழற்றப்பட்டிருந்தன. சங்கம் திரும்பப் பொருத்தவில்லை. வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பாதிருக்கக் கலுங்கில் கம்பி வலை அடித்தார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் வலையைக் குப்பை அடைத்தது; தண்ணீர் கரை மேல் வழிந்தது. மண்கரை மேல் தண்ணீர் வழிந்தால் கரை நிற்காது. கீழே ஜான்ஸ்டவுன் நகரில் 2,200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எந்த நீதிமன்றமும் சங்கத்தைப் பொறுப்பாக்கவில்லை.

"நம் சீமையில் அவ்வளவு மழை ஏது?" என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதை மறக்க வேண்டாம். போதாததற்கு, நம் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். முதல் வெள்ளம் அந்த வெடிப்பில்தான் நுழையும்.

ஆகவே அணைத் திட்டத்தை நிறுத்தியிருக்கிறோம். பூங்கா தண்ணீர் தேக்காமலே வரும், இன்ஷா அல்லாஹ். கொடையாளரும் மனமுவந்து ஏற்றார்; அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

தோட்டத்தில் கரை போட்டுத் தண்ணீர் தேக்கியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசிக்கு முன் கரையைச் சுற்றி நடந்து பாருங்கள். கலுங்கைத் தூர் எடுங்கள். அங்கே மீன் வலை கட்டாதீர்கள். கரையில் சீமைக்கருவேலம் வளர விடாதீர்கள். எலி வளை, நண்டு வளைகளை அடையுங்கள். கரையின் வெளிப்புறம் கலங்கலாகக் கசிந்தால் மண் அரிக்கிறது என்று பொருள். உடனே கீழே இருப்பவர்களை எழுப்புங்கள், 1077-க்குத் தகவல் சொல்லுங்கள். ஆண்டுதோறும் கீழே போய்ப் பாருங்கள்: புதிதாக ஒரு குடிசை வந்திருந்தால், கரை மாறாவிட்டாலும் உங்கள் பொறுப்பு மாறிவிட்டது.

தண்ணீர் அல்லாஹ்வின் அருட்கொடை. அதைத் தேக்கியவரிடம் கீழே உறங்குகிறவரின் உயிர் அமானத். வஸ்ஸலாம்.