ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்ப்ளிபயர்

கோடம்பாக்கத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், இரண்டாண்டுக் காலம் மாலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் உயர்ந்த ரக ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு வாங்கினார். அத்துடன் கையிருப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. எனவே ஆம்ப்ளிபயரை மட்டும் மலிவாக, 20 வாட்டு ஆற்றல் உடையதாகப் பார்த்து வாங்கிக்கொண்டார். கடைக்காரர் கூறிய நியாயமும் கேட்பதற்கு நன்றாகவே இருந்தது: "ஸ்பீக்கர் 100 வாட்டு தாங்கும், தம்பி. 20 வாட்டு அதை என்ன செய்துவிடப் போகிறது?"

ஒரு மாதம் கழிந்தது. ஒரு நாள் மாலை நண்பர்கள் கூடியிருந்தபோது ஒலியை முழுவதும் ஏற்றிவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், வயலினின் மெருகு போய்விட்டது; ஜாலராவின் ஓசை அறவே இல்லை. உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் 'டுவீட்டர்' என்னும் சிறு ஸ்பீக்கர் இரண்டு பெட்டிகளிலும் எரிந்து கிடந்தது.

100 வாட்டு தாங்கக்கூடிய பொருளை 20 வாட்டு எப்படி எரித்தது? இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டபோது அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. இரண்டாண்டு உழைப்பு அல்லவா?

முதலில் வாட்டு என்பதைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணத்தைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். வாட்டு இரு மடங்கானால் ஓசையும் இரு மடங்காகும் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் செவி அவ்வாறு கணக்கிடுவதில்லை. ஆற்றலை இரட்டித்தால் ஒலியின் அளவு 3 டெசிபல்தான் உயரும். கவனித்துக் கேட்டால் சிறிது கூடியது தெரியும், அவ்வளவே. ஓசை இரு மடங்காயிற்று என்று செவி ஒப்புக்கொள்வதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்.

இரண்டாவதாக, எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே வாட்டுக்கு ஒரே அளவு ஒலிப்பதில்லை. ஆடி மாதத்தில் அம்மன் கோயில் மைக் செட்டைக் கேட்காதவர் நம்மில் யார்? மரத்தில் கட்டிய அந்தக் கூம்பு ஸ்பீக்கர், ஒரு வாட்டு கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 106 டெசிபல் ஒலிக்கும். வீட்டில் வைக்கும் நல்ல பெட்டி ஸ்பீக்கரோ, அதே ஒரு வாட்டுக்கு 86 டெசிபல் அளவில்தான் ஒலிக்கும். இடைவெளி 20 டெசிபல். அதாவது நூறு மடங்கு. அந்தக் காலத்து டூரிங் டாக்கீஸில் சில பத்து வாட்டுகளைக் கொண்டு கொட்டகை முழுவதையும் நிரப்பியதன் இரகசியம் கூம்பில் இருந்தது. கூம்பு ஓசையை வாரி வழங்கும். நயத்தை அவ்வளவாக வழங்காது. வீட்டு ஸ்பீக்கர் நயத்தை வழங்கும்; அதற்கு விலையாக வாட்டுகளைக் கேட்கும்.

எவ்வளவு கேட்கும்? 86 டெசிபல் ஸ்பீக்கர்கள் இரண்டை வைத்து, பத்தடி தள்ளி அமர்ந்து ஒரு கச்சேரிப் பதிவைக் கேட்பதாகக் கொள்வோம். அறையின் சுவர்கள் திருப்பித் தரும் ஒலியையும் சேர்த்தால், பெட்டிக்கு ஒரு வாட்டு கொடுக்கும்போது நம் செவியில் சுமார் 82 டெசிபல் விழும். பாட்டு சராசரி 75 டெசிபலில் இனிமையாகக் கேட்கிறது என்றால் அதற்கு வேண்டியது வாட்டில் ஐந்தில் ஒரு பங்கே! அப்படியானால் 20 வாட்டு ஏராளம் என்று தோன்றும். ஆனால் தனி ஆவர்த்தனம் தொடங்குகிறது. மிருதங்கத்தின் தொப்பியில் விழும் ஓர் அடி, சராசரியைக் காட்டிலும் 20 டெசிபல் மேலே தாவுவது உண்டு. அந்தக் கணத்திற்கு மட்டும் நூறு மடங்கு, அதாவது 20 வாட்டு முழுவதும் தேவை. நண்பர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒலியை இன்னும் 6 டெசிபல் ஏற்றினால் 80 வாட்டு வேண்டும். ஆம்ப்ளிபயரிடம் இருப்பது 20.

இல்லாததைக் கேட்டால் ஆம்ப்ளிபயர் என்ன செய்யும்? ஒலியலையின் முகட்டை மேலே கொண்டுபோக இயலாமல், கத்தியால் சீவியதுபோலத் தட்டையாக்கிவிடும். இதனால் இரண்டு தீமைகள் விளைகின்றன. தட்டையான அலை, அதே உயரமுள்ள இயல்பான அலையைவிட மிகுந்த ஆற்றல் உடையது. முற்றிலும் சதுரமாகிவிட்டால் 20 வாட்டு ஆம்ப்ளிபயர் 40 வாட்டு வரை தள்ளும். அதைவிடக் கொடியது மற்றொன்று. சீவப்பட்ட முனைகளில் மூலத்தில் இல்லாத உயர் அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் பிரிப்புச் சுற்று அவற்றையெல்லாம் கடமை தவறாமல் டுவீட்டருக்கு அனுப்பிவைக்கிறது. டுவீட்டரின் சுருளோ மிக மெல்லிய கம்பி. தொடர்ந்து தாங்குவது சில வாட்டுகளே. பெட்டியின் முதுகில் எழுதியுள்ள 100 வாட்டு, பெரும்பகுதி ஆற்றல் கீழ்ச் சுருதிகளில் செல்லும் இயல்பான இசைக்கு உரிய கணக்கு. நம் மாணவரின் டுவீட்டர்கள் மிகுதியால் மாளவில்லை, பற்றாக்குறையால் மாண்டன.

இந்த உண்மை ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு நன்கு தெரியும். 1948-இல் ஏ.வி.எம். ஸ்டூடியோ காரைக்குடிப் பக்கத்திலிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்தது. பிற்காலத்தில் 'ரோஜா' படப் பாடல்கள் உருவான பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடமும் இங்கே ஒரு வீட்டை ஒட்டியே எழுந்தது. அத்தகைய கூடங்களில் உலகெங்கும் புகழ்பெற்ற ஸ்பீக்கர் ஒன்று உண்டு. யமஹா நிறுவனம் 1978-இல் வெளியிட்ட என்.எஸ்.-10 என்னும் அது, உண்மையில் வீடுகளுக்காகச் செய்யப்பட்டது. வீடுகளில் வரவேற்பில்லை, ஒலிப்பதிவுக் கூடங்கள் வாரி அணைத்துக்கொண்டன. அந்தச் சிறு பெட்டியோடு, அதன் தாங்கும் அளவைவிடச் சில மடங்கு ஆற்றலுள்ள ஆம்ப்ளிபயரைப் பூட்டுவது பல கூடங்களின் வழக்கமாக இருந்தது. முகடுகள் சீவப்படாமல் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். கைப்பிடியைத் திருப்புகிறவருக்கு நிதானம் வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இனி ஓம் கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 8 ஓம் ஆம்ப்ளிபயர்தான் பொருந்தும் என்ற நம்பிக்கை வால்வு காலத்தின் மிச்சம். வால்வு ஆம்ப்ளிபயர்களில் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும். அங்கே பொருத்தம் பார்ப்பது முறையே. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரின் உள்மறிப்பு பெரும்பாலும் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை ஓம் வரை இறங்கினால் இது தாங்கும்?' என்பதாகும். 20 வோல்ட்டு அழுத்தத்தில் 8 ஓம் ஸ்பீக்கர் 2.5 ஆம்பியர் இழுக்கும், 50 வாட்டு. 4 ஓம் ஸ்பீக்கர் 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட்டு. 8 என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரே சில சுருதிகளில் 6-க்கும் கீழே இறங்கும். 8 ஓமில் 50 வாட்டும் 4 ஓமில் ஏறக்குறைய 100 வாட்டும் தருவதாக ஓர் ஆம்ப்ளிபயரின் குறிப்பில் கண்டால், அதன் மின்வழங்கி வலுவானது என்று கொள்ளலாம்.

அந்தக் குறிப்பையும் விழிப்புடன் படிக்க வேண்டும். ஒரு காலத்தில் சின்னஞ்சிறு டேப் ரிக்கார்டர்களின் நெற்றியிலும் 'பி.எம்.பி.ஓ.' என்ற அடைமொழியோடு ஆயிரம் வாட்டு பளபளத்தது. அது விளம்பரத்தில் வாழும் வாட்டு! அமெரிக்காவில் இத்தகைய வேடிக்கைகள் பெருகியே, 1974-இல் வாணிப ஆணையம் வாட்டைக் குறிப்பிடும் முறைக்கு விதி வகுத்தது. இரண்டு வாய்க்கால்களும் ஒருசேர இயங்கும்போது, 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வெண்களில், இத்தனை சதவீதத் திரிபுக்குள், தொடர்ந்து எத்தனை வாட்டு என்று சொல்லும் எண்ணே நாம் நம்பத்தக்கது.

சென்னைவாசிகளுக்கு இன்னொன்றும் உண்டு. 'ஏ' வகுப்பு ஆம்ப்ளிபயர்கள் பாட்டு இல்லாதபோதும் மின்சாரத்தை வெப்பமாக்கிக்கொண்டே இருக்கும். கத்திரி வெயிலில் மூடிய அலமாரிக்குள் அதை வைப்பவரை நான் தடுக்க மாட்டேன். பக்கத்தில் அமர மட்டும் மாட்டேன்.

நம் மாணவர் மீண்டும் ஆறு மாதம் பாடம் சொல்லிக் கொடுத்தார். டுவீட்டர்களை மாற்றினார். பிறகு நாங்கள் இருவரும் ரிச்சி தெருவில் ஒரு முற்பகல் முழுவதும் அலைந்து, 8 ஓமில் 80 வாட்டு தரும் பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றை, பெட்டியின் முதுகைப் படித்து, கடையிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்து வாங்கி வந்தோம். கைப்பிடி பாதிக்கு மேல் ஏறுவதில்லை. ஜாலரா திரும்பி வந்துவிட்டது. மிருதங்கம் எங்கள் வீட்டுக் கூடத்திலும் தெளிவாகக் கேட்கிறது. அது வேறு வழக்கு.